தாங்கிக்குள் இருந்த காத்து

என் கணவர் வெல்டிங் வேலை செய்பவர். சாய்ந்தமருதில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் இருக்கும் என் மூத்த சகோதரர், காக்காவின் பட்டறையில்தான் அவருக்கு வேலை. பால் நிரப்பி வைப்பதற்காக அங்கே ஆளுயரத்தில் ஓர் எவர்சில்வர் தாங்கி செய்துகொண்டிருந்தார்கள். ஒரு நாள் காலை, வேலை தொடங்கு முன்பே, அவர் அதன் மேல்வாயால் உள்ளே இறங்கியிருக்கிறார். விளிம்பைப் பிடித்த கையோடு அப்படியே கால் மடிந்து சரிந்தாராம். காக்காதான் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் தாங்கியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. "வேல செய்யப் போன எடத்துல மயங்கிட்டாரு" என்பதோடு காக்கா முடித்துக்கொண்டார். சோதித்துப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை. "காலையில சாப்பிடாமப் போயிருப்பாரு" என்றார் டொக்டர். பிட்டும் மீன் ஆணமும் வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போன மனிசன்! அத்தனை பேருக்கு முன்னால் நான் புருசனைப் பட்டினி போட்டவள் ஆனேன். கோபம் கோபமாக வந்தது.

உம்மாவுக்கு மட்டும் குழப்பமே இல்லை. "இது காத்துப் பட்டதுதான்" என்றார். எங்களூரில் காத்து என்றால் வீசுகிற காற்றும்தான், கண்ணுக்குத் தெரியாமல் ஆளை அடிக்கிற ஜின்னும்தான். பள்ளிவாசல் லெப்பை வந்து தண்ணீர் ஓதிக் கொடுத்தார்.

"கேஸ் ஏதும் ஒழுகிச்சோ?" என்று நான் என் கணவரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"கேஸ் எண்டா மணக்கும்தானே? ஒரு மணமும் இல்ல. எங்கட ஆர்கன் கேஸ் பத்தவும் பத்தாது, நஞ்சும் இல்ல. காத்துப் பட்டா வெல்டிங் ஒட்டு கறுத்திரும். அந்தக் காத்தத் தள்ளி வைக்கத்தான் அது."

காத்தைத் தள்ளி வைக்கும் கேஸ் இருக்கும் இடத்தில் எப்படிக் காத்துப் படும்? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. புகை இல்லை, மணம் இல்லை, நெருப்பு இல்லை. எதற்குப் பயப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவர் திரும்பவும் இறங்கத் தயாரானார். உம்மா விடவில்லை. தாங்கிக்குப் புகை காட்டிவிட்டு இறங்கட்டும் என்று சாம்பிராணிச் சட்டியை என் கையில் கொடுத்து அனுப்பினார். சிரட்டைக் கரி கணகணவென்று சிவந்திருந்தது. காக்கா அதைக் கம்பியில் கொளுவி, பிஸ்மில்லா சொல்லி, மெல்ல உள்ளே இறக்கினார்.

பாதி கூடப் போகவில்லை. கரி கறுத்துவிட்டது.

"பாத்தீங்களா, ஜின் ஊதி அணைச்சிட்டு!" காக்காவின் முகம் வெளுத்துப் போனது. "லெப்பையக் கூட்டி வாறன்."

"சும்மா இரிங்க மச்சான். நான் ஓதிக்கிட்டே இறங்குறன்" என்று இவர் வெட்கத்தோடு சாரத்தை மடித்துக் கட்டினார். ஆம்பிளைக்குப் பயம் என்று நாலு பேர் கதைத்துவிடுவார்கள் என்ற வெட்கம்.

அதற்குள் சட்டியை மேலே தூக்கி என்னிடம் தந்திருந்தார்கள். கடற்காற்று ஒரு முறை வீசியது. செத்துக் கிடந்த கரி மறுபடியும் சிவந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். ஒரு காலை உள்ளே போட்டிருந்த அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்தேன்.

"உள்ள போனா சாகுது, வெளிய வந்தா உசிர் வருது. நெருப்புக்கே மூச்சில்லாத எடத்துல நீங்க என்னத்த மூச்செடுக்கப் போறீங்க?"

அவர் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகத் திரும்பி ஆர்கன் சிலிண்டரைப் பார்த்தார். அதன் குழாய், அவர் மயங்கி விழுவதற்கு முந்தின நாள் வேலை விட்டபடியே தாங்கியின் அடிவரை தொங்கிக் கிடந்தது. போய்த் திருகியை இறுக்கினார். அது இன்னும் அரைச் சுற்றுச் சுற்றியது. சரியாக மூடாமல், மணமே இல்லாத அந்தக் கேஸ் உள்ளே ஒழுகி, இருந்த காத்தையெல்லாம் தள்ளி வைத்திருக்கிறது.

ஓதிய தண்ணீர்தான் காப்பாற்றியது என்று உம்மா இன்றைக்கும் சொல்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை. உம்மா கொடுத்தனுப்பிய சட்டிதானே காட்டிக்கொடுத்தது? காத்துத்தான் என்றதும் ஒரு வகையில் சரிதானே? எதை எதோடு சேர்ப்பதென்று இப்போதும் எனக்குக் குழப்பம்தான்.

அன்று அவர் மணலில் குந்தியிருந்து தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உள்ள எனக்கு மூச்சு முட்டவே இல்ல புள்ள. நல்லாத்தான் இருந்திச்சு. விழுந்ததே எனக்குத் தெரியா."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.