வலிக்காத முழங்கால்

துபாய் விமானத்தில் என் பக்கத்தில் இருந்தவர் மண்ணூர்பேட்டையில் தண்ணீர் லாரி ஓட்டுபவர். தடித்த கைகள், நரைத்த மீசை. விமானம் குலுங்கும்போதெல்லாம் அவருடைய வலது கால் தரையில் பிரேக்கைத் தேடி அழுத்தியது.

“பாத்துட்டியா சார்? வண்டி நம்ம கையில இல்லன்னா எனக்கு பயந்தான். பொண்ணு மாசமா கீது, அதான் ஏறிட்டேன்” என்றார்.

அவர் அப்படிச் சொன்னதும் நானும் சொல்லிவிட்டேன். துபாயில் இருக்கும் மகளைப் பார்க்க என் மனைவி ஆசைப்பட்டாள். விமானம் என்றாலே எனக்கு நடுக்கம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, முழங்கால் வலி என்றேன். கள்ளிக்குப்பம் வீட்டில், வலிக்காத அந்தக் காலுக்கு மூன்று வருடம் தைலம் தேய்த்தாள். பேரனைப் பார்க்காமலே இறந்துபோனாள். அதன் பிறகுதான் நான் விமானம் ஏறத் துணிந்தேன்.

அவர் சற்று யோசித்தார். “பயம்னு சொல்லியிருந்தா அம்மா தனியாவாச்சும் போய்ட்டு வந்திருக்கும் சார். கால் வலின்னதால தானே உன்ன உட்டுட்டு போவல.”

படித்தவனான எனக்கு அதுவரை இது தோன்றவே இல்லை. அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. விமானம் இறங்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆறுதலாகவா, தன் பயத்துக்காகவா என்று இன்றும் தெரியவில்லை.