துவாய் போர்த்திய கடைசிக் கட்டம்

மாம்புரியில் எங்கள் வீட்டில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டால் டிவி நின்றுவிட வேண்டும். அது வாப்பாவின் சட்டம்.

ஒருமுறை, மறுநாள் என் மூத்த சகோதரி ராத்தா வேலைக்காகக் கட்டாருக்குப் புறப்பட இருந்தார். சின்ன வயதில் எங்களால் முடிக்கவே முடியாத, டிவியில் மாட்டி ஆடும் கெசட் கேமை அதற்குள் முடித்துவிடத் துடித்தோம். கடைசிக் கட்டத்தை எட்டியபோது பிற்பகல் அஸர் பாங்கு கேட்டது. ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு முக்காடு போட்டோம். வாப்பா வந்து சுவர் சுவிட்சை அணைத்தார். டிவியோடு கேமும் அணைந்தது.

ராத்தா அழுதேவிட்டார். “இனி முதல்ல இருந்துதான் ஆடணும் வாப்பா.”

“எனக்கு அது தெரியாதே மகள்” என்றவர், முற்றத்தில் போய்க் கிழிந்த வலையைப் பொத்த உட்கார்ந்தார்.

விடாமல் ஆடி மீண்டும் கடைசிக் கட்டத்துக்கு வந்தோம். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு ஒலித்தது. உள்ளே வந்த வாப்பாவின் கை சுவிட்ச் வரை போய் நின்றது. பிறகு தோளில் கிடந்த துவாயை எடுத்து டிவியின் மேல் போர்த்தினார்.

“இது இப்படியே இரிக்கட்டும். தொழுதிட்டு வந்து ஆடுங்க.”

அல்லாஹ் மன்னிக்கட்டும், அன்று தொழுகையில் என் ஓரக்கண் துவாயில் கசிந்த வெளிச்சத்திலேயே இருந்தது.

பள்ளிவாசலிலிருந்து விரைந்து வந்த வாப்பா, கதிரையை இழுத்துப் போட்டு எங்கள் பின்னால் அமர்ந்தார். ராத்தா ஆட்டத்தை முடித்தேவிட்டார்.

இப்போது கேம் பெட்டி அலுமாரிக்குள் கிடக்கிறது. ஆனாலும் பாங்கு கேட்டால் வாப்பா சுவிட்சைத் தொடுவதில்லை, துவாயைத்தான் தேடுகிறார்.