கண்ணாடியில் கை வைப்பவர்

ரிச்சர்ட்ஸ் டவுனில் வளர்ப்பு மீன் விற்கும் கடையில் எனக்கு வேலை. வாராவாரம் ஒரு பெரியவர் வருவார். முழுக்கைச் சட்டை, நரைத்த மீசை. க்ளவுன் என்ற கடல் மீன்கள் இருக்கும் தொட்டியின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து நிற்பார். வாங்காமல் போய்விடுவார். வீட்டில் தொட்டி, உப்புத்தண்ணீர், பாறை எல்லாம் தயாராக இருப்பதாகச் சொல்லியிருந்தார்.

“மீனுக்கே உங்க முகம் மனப்பாடம் ஆயிருச்சு சார்,” என்றேன்.

“முன்னாடி வெச்சிருந்தேம்ப்பா. ஊருக்குப் போயிருந்தப்ப கரண்ட் போச்சு. வந்து பாத்தா எல்லாம் செத்து மிதக்குது. அப்புறம் மீன் வாங்கவே மனசு வரல.”

“இப்ப கரண்ட் இல்லாட்டியும் தண்ணிக்குள்ள காத்து விடுற பேட்டரி மோட்டார் இருக்குது சார். கரண்ட் போனா எனக்கு போன் பண்ணுங்க, வந்துடறேன்.”

அன்று ஒரு ஜோடி வாங்கினார். பையை மடியில் வைத்து ஆட்டோவில் போனார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை, கூப்பிடவும் இல்லை. மீன்கள் நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் கரண்ட் போனால் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.