தரையில் தூங்கும் பருந்துகள்

“இது என்னன்னு சொல்றவுக இன்னைக்கு சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்,” என்று பேரீச்சம்பழ டப்பாவைத் திறந்து முதல் பெஞ்சில் வைக்கிறார் ஷஹீனா. உள்ளே கட்டைவிரல் பருமனில் சாம்பல் நிற உருண்டைகள். வணிகவியல் மாணவிகள் எட்டிப் பார்க்கிறார்கள். ஒருத்தி எடுத்து முகர்ந்தும் பார்த்துவிடுகிறாள். “பருந்து கக்குனதுடீ,” என்று அவர் சொன்னதும் எழும் அலறலில் பக்கத்து வகுப்பு விழித்துக்கொள்கிறது.

அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் சுற்றுச்சூழல் அறிவியல் பேராசிரியர் அவர். எல்லோருக்கும் கட்டாயமான, யாருக்கும் முக்கியமில்லாத பாடம். அதனால் அது எப்போதும் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பாகவே அமையும். தூக்கத்தைக் கலைக்க ஷஹீனா கண்டுபிடித்த வழி இது. புருவம் திருத்தும் இடுக்கியால் உருண்டையைப் பிரித்து, வெட்டுக்கிளிக் கால்களைக் காகிதத்தில் வரிசையாக அடுக்குவார். அலறியவளே சற்று நேரத்தில், “மேடம், எனக்கு இன்னொன்னு குடுங்க,” என்பாள்.

உருண்டைகள் பரளச்சிப் பக்கத்துப் புல்வெளியில் பொறுக்கியவை. குளிர்காலத்தைக் கழிக்க வடக்கே கசகஸ்தான் பக்கமிருந்து வரும் பூனைப்பருந்துகள், மரத்தில் அடையாமல் தரையில், புல்லுக்குள் படுக்கின்றன. சீசன் வந்தால் ஷஹீனாவின் மாலைகள் அங்கேதான். தம் கடைக்கு வந்து விசாரிப்பவர்களிடம் கணவர் அனீஸ், “பருந்தத் தூங்க வைக்கப் போயிருக்காக,” என்பார்.

சென்ற ஐப்பசியில் சிக்கல் வந்தது. அந்தப் புல்வெளி கல்லூரி அறக்கட்டளையின் நிலம். சும்மா கிடக்கிறதே என்று, அதில் ஆயிரக்கணக்கில் மரக்கன்று நடும் விழாவை ஆசிரியர் கூட்டத்தில் அறிவித்தார் செயலாளர் வேங்கடபதி. சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாளரான ஷஹீனா எழுந்தபோது, நன்றி சொல்லப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

“அங்க மரம் வேண்டாம்யா.”

யாரோ சிரித்தேவிட்டார்கள்.

“மரம் வேண்டாங்கிற சுற்றுச்சூழல் டீச்சர இப்பத்தாம்மா பாக்குறேன்,” என்றார் வேங்கடபதி.

“ரோட்டோரம் வைங்கய்யா, காலேஜச் சுத்தி வைங்க. அது புல்லுக்குன்னே உள்ள நெலம். மரம் வந்துட்டா பருந்து எறங்காது.”

அன்றே மன்றப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அடுத்த மாதம் ஷஹீனாவின் பதவி உயர்வுக்கான நேர்காணல்; நடத்தப்போகிறவரும் அதே வேங்கடபதி. “பேசாம இருந்திருக்கலாம்ல?” என்றார் அனீஸ். “இருந்திருக்கலாம்,” என்றார் ஷஹீனா. மறுநாள் செயலாளர் அறைக்கே போய் நின்றார்.

“ஒரே ஒரு சாயங்காலம் வாங்கய்யா. பருந்து வரலன்னா மொத குழிய நானே வெட்டுறேன்.”

வேங்கடபதி வந்தார். பருந்து வரவில்லை. இருட்டும்வரை கொசுக்கடியில் நின்றுவிட்டு, வேட்டியில் ஏறிய ஊசிப்புல்லைப் பிடுங்கிக்கொண்டே காருக்குத் திரும்பினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஷஹீனாவுக்கு.

மறுநாள் காலை மண்வெட்டியோடு போனார். மழை பெய்த கரிசல் செருப்பில் அப்பியது. ஆடு மேய்க்க வந்த ஜக்கம்மாள், “எதுக்கு டீச்சர் புல்லப் போயி வெட்டுறீக?” என்றாள்.

“வெட்டுறேன்னு சொல்லிட்டேன்க்கா.” கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் மண்.

அன்று மாலை வீட்டில் இருந்தபோது கைபேசி ஒலித்தது. வேங்கடபதி.

“ஏம்மா, நான் பரளச்சியில நிக்கிறேன். நம்ம டிரைவருக்கு இந்த ஊருதான். நீங்க ஒத்தையில குழி வெட்டுனீகன்னு சொன்னான். மனசு கேக்கல, வந்தேன்.” அவர் குரல் தாழ்ந்தது. “வந்துருச்சும்மா. எண்ண எண்ணக் கணக்கு விட்டுப்போகுது. சத்தம் போடாதீக, இப்பத்தான் ஒண்ணு எறங்குது.”

அடுப்படியில் நின்ற ஷஹீனாவும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சரிய்யா,” என்று கிசுகிசுத்தார்.

விழா நின்றுவிடவில்லை, கல்லூரிச் சாலைக்கு மாறியது. மேடையில் வேங்கடபதி, பூனைப்பருந்தைத் தாமே கண்டுபிடித்தவர் போல நெடுநேரம் பேசினார். மன்றப் பொறுப்பை மட்டும் திருப்பித் தரவில்லை. நேர்காணலும் தள்ளிப்போயிருந்தது.

கன்றும் கையுமாக எல்லோரும் நின்று எடுத்துக்கொண்ட படத்தில் ஷஹீனா இல்லை. அந்நேரம் பரளச்சியில் மண்டியிட்டு, தாம் வெட்டிய குழிக்குள் இரு கைகளாலும் மண்ணைத் தள்ளி, பெயர்த்துப் போட்ட புல்லின் தூரை அதன் நடுவில் ஊன்றி, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தார்.