கேட்டைத் திறக்கச் சொன்ன ராஜம்மா அக்கா

ராஜம்மா அக்கா போய்விட்டார் என்ற செய்தியைத் தொலைபேசியில் எனக்குச் சொன்னவர் எங்கள் பழைய ஆலைத் தோழி சோமா. சிங்களத்தில் பேசத் தொடங்கியவர், பாதியில் அழுகை முட்ட, "அக்கா இல்ல, அக்கா இல்ல" என்று தமிழில் முடித்தார். நெஞ்சு வருத்தம் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரை உயிரோடு திருப்பிக் கொண்டுவர முடியவில்லை.

கேகாலைப் பக்கத்துக் கையுறை ஆலையில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் றப்பர் தோட்டத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்தவர். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, அன்றைய சம்பளமும் இல்லை. ஆலையில் மணிக்கணக்குச் சம்பளம் என்று கேள்விப்பட்டுத்தான் வந்து சேர்ந்தார். கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று காற்றடைத்துப் பார்ப்பது எங்கள் வேலை. ஐந்து விரலும் உப்பி நிற்கும் கையுறையை உயர்த்திப் பிடித்து, "தோட்டத்துல பால் வெட்டினேன், இங்க மனேஜருக்குப் பால் கறக்கிறேன்" என்பார். வரிசை முழுவதும் சிரிக்கும்.

பிறகு மின்வெட்டுக் காலம் வந்தது. கரண்ட் நின்றதும் மேற்பார்வையாளர் நேரத்தைக் குறித்துக்கொள்வார். அந்த மணிகளுக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் எங்களை வெளியே விடவும் மாட்டார்கள். கரண்ட் எந்த நேரமும் வரலாம் என்று பூட்டிய கேட்டுக்குள் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருப்போம். "கூரைக்குள்ளயும் மழை பெய்யுது பாருங்க" என்றார் அக்கா. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

ஒருநாள் சோமாவின் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல் என்று அவருடைய ஊரிலிருந்து ஆள் வந்து சொன்னான். அப்போதும் கரண்ட் இல்லை. வீட்டுக்குப் போக விடும்படி சோமா கெஞ்சினார். மனேஜர் முடியாது என்றார். அக்கா எழுந்து அவர் முன்னால் போய் நின்றார். நல்ல சிங்களத்தில், தாழ்ந்த குரலில்தான் கேட்டார்:

"சேர், சம்பளம் இல்லாத நேரம் எங்க நேரம்தானே? கேட்டைத் திறக்கச் சொல்லுங்க."

மனேஜர் அவருடைய நெற்றிப் பொட்டைப் பார்த்தார். "நீ தமிழ்ப் பொம்பளை. இந்த நாளில் இங்கே குழப்பம் பண்ணுறியா? பொலிசுக்குச் சொல்லட்டா?"

போர்க்காலம், தமிழர் என்றால் சந்தேகத்தில் பிடித்து அடைக்கும் காலம். அந்தக் கேள்வியின் பொருள் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்காவின் கை நடுங்கியது. சேலை முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.

சோமா எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றார். "அபித் யனவா," நாங்களும் போகிறோம் என்றார். சோமாவுக்குப் பின்னால் சிங்களப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். தமிழ்ப் பெண்கள் நாங்கள் கொஞ்சம் தாமதித்துத்தான் எழுந்தோம். எங்களுக்குப் பயம் கூடுதல். காவலாளி மனேஜரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கடைசியில் கேட்டைத் திறந்துவிட்டார். சோமா ஓடினார். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

அடுத்த மாதத்திலிருந்து மின்வெட்டு மணிகளுக்குப் பாதிச் சம்பளம் தந்தார்கள். அக்காவுக்கு அது திருப்தியில்லை. "நாங்க பாதியா உள்ள இருந்தோம்? முழுசாத்தானே இருந்தோம்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். அந்தப் பாதியும் அவருக்கு நீண்ட நாள் கிடைக்கவில்லை. நாங்கள் எல்லோரும் தற்காலிக வேலையாட்கள்தான். தவணை முடிந்து மறுபடி ஆள் எடுத்தபோது எங்கள் வரிசையில் அவரை மட்டும் விட்டுவிட்டார்கள். நாங்கள் கூட்டமாகப் போய்க் கேட்டோம். ஆள் தேவையில்லை என்றார்கள். மறுவாரம் அவருடைய இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

அக்கா மறுபடியும் பால்வெட்டப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லயத்தில் அவருடைய வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். சோமாவின் பிள்ளையை விசாரித்தார். பேச்சினிடையே, "வருத்தமா இல்லையாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"வருத்தம் இல்லேன்னு யாரு சொன்னா? எத்தனையோ நாள் அழுதிருக்கேன். புள்ளைங்களுக்குத் தெரியாம அழுதிருக்கேன். ஆனா கேட்டது தப்புன்னு ஒரு நாளும் தோணல" என்றார்.

சாவு வீட்டில் பலர் அவரைப் பயமறியாதவர் என்று புகழ்ந்தார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. நடுங்கியதையும் பார்த்தவள் நான், அழுததையும் அவர் வாயாலேயே கேட்டவள். பயத்தோடும் போய் நிற்கலாம், அழுதுகொண்டும் சரியாக இருக்கலாம். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.