ஒரு இழுப்பு என்றால் சுகம்

நம்பாவிட்டால் விடுங்கள். நான் யாரையும் நம்ப வைக்க இதை எழுதவில்லை. போன வருடம், பல்லேகலைக்குக் கீழே இருக்கும் நீர்த்தேக்கத்தில், பட்டப்பகலில் நடந்தது. கயிற்றின் ஒரு முனை என் கையில்தான் இருந்தது.

நளீர் நானா எனக்கு அண்ணன் மாதிரி. இரண்டு பேரும் கண்டிக்காரர்கள். கடலைப் பார்ப்பதற்கே பாதி நாள் பஸ்ஸில் போக வேண்டும். ஆனாலும் இருவருக்கும் தண்ணீருக்கடியில் சுழியோடும் பைத்தியம். கிழக்குக் கடலின் ஆழத்தில் போர்க்காலத்து நீர்மூழ்கி ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து வேறு பேச்சே இல்லை. அதற்குள் இறங்கப் போகும் குழுவில் சேர வேண்டுமென்றால், ஒடுங்கிய இருட்டில் பழகியிருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த இடத்துக்கு வந்தோம். அணை கட்டியபோது மூழ்கிப்போன நெல் மில் ஒன்று, பாதிக் கூரையோடு, இருபத்திரண்டு மீற்றர் ஆழத்தில் இன்னும் நிற்கிறது.

தோணி ஓட்டியது செல்லச்சாமி அண்ணன். அங்கேயே மீன் பிடிப்பவர்.

"மில்லுக்கு மேல நாங்க வலை போடுறதில்ல தங்கச்சி. தப்பித்தவறி சிக்குனாலும் வெட்டி விட்டுட்டு வந்துருவோம். இழுக்க மாட்டோம்."

"ஏன்?"

"திருப்பி இழுக்கும்."

நளீர் நானா சிரித்தார். "பெரிய மீனா ஈக்கும். குமாரி, பொரிக்க எண்ணெ கொண்டு வந்தீங்களா?"

கலங்கிய தண்ணீரில் கை நீட்டினால் விரல் தெரியாது. அதனால் கயிறுதான் பேச்சு. அவர் இடுப்பில் ஒரு முனை, என் கையில் சுருள். வெளியே நிற்பவர் ஒரு தரம் இழுத்துக் கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர் ஒரு தரம் இழுத்தால், சுகம். மூன்று தரம் இழுத்தால், ஆபத்து, உடனே வா.

இருவரும் அடிக்கு இறங்கினோம். அவர் மில் வாசலுக்குள் போனார். நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ சரிந்த சத்தம். டொம்... தண்ணீருக்குள் அது காதில் அல்ல, நெஞ்சில் கேட்கும்.

ஒரு தரம் இழுத்தேன்.

ஒரு இழுப்பு வந்தது. மெதுவாக. சுகம்.

ஆனால் அவருடைய மூச்சுக் குமிழிகளின் சத்தம் மாறியிருந்தது. குபுகுபுகுபு... ஓடுகிறவனின் மூச்சு போல. கயிறோ அவ்வளவு அமைதி. எதையோ கண்டுபிடித்த சந்தோஷத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன்.

மறுபடி இழுத்தேன். ஒரு இழுப்பு.

மறுபடி. ஒரு இழுப்பு.

அடுத்தது... நான் கேட்பதற்கு முன்பே வந்தது.

என் சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டிருந்தது. மூன்று தரம் இழுத்தேன். வெளியிலிருந்து மூன்று என்றால், வெளியே வாங்க என்று அர்த்தம்.

ஒன்று. சுகம்.

மறுபடி மூன்று.

ஒன்று.

குமிழிச் சத்தம் நின்றுவிட்டது.

காற்று முள் சிவப்பைத் தொட்டது. சுருளை அவிழ்த்தபடியே நான் மேலே ஏறினேன். அவருடைய சிலிண்டர் பெரியது, சுகம் என்றுதானே சொல்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"தம்பி எங்க?" என்றார் செல்லச்சாமி அண்ணன்.

"உள்ள இருக்காரு. சுகமா இருக்காரு."

தோணியிலிருந்து இழுத்தேன். ஒன்று.

அவருடைய காற்று தீர்ந்திருக்க வேண்டிய நேரம் வந்தது. இழுத்தேன்.

ஒன்று.

அதற்கும் ஒரு மணி நேரம் கழித்து...

ஒன்று.

செல்லச்சாமி அண்ணன் என் கையைப் பார்த்தார். கயிற்றை வெட்டக் கத்தியை எடுக்கவில்லை. "விட்டுரு தங்கச்சி," என்றார், "இழுக்காத."

மறுநாள் மீட்புக்கு வந்த சுழியோடிகள் அவரை எடுத்தார்கள். வாசலிலிருந்து ஏழு மீற்றர் தூரம்தான். விழுந்த உத்தரம் ஒன்று காலின் மேல் கிடந்தது. அதைத் தவிர உடம்பில் காயமில்லை. கையுறைகள் மட்டும் உள்ளங்கையில் கிழிந்து, கீழே தோலும் உரிந்திருந்தது.

"கயித்த இழுத்திருக்காரு," என்றார் அவர்களில் ஒருவர். "மூணு மூணா, விடாம இழுத்திருப்பாரு. உங்களுக்குத் தெரியலையா?"

கயிறு எதிலாவது சிக்கியிருந்ததா என்று கேட்டேன். இல்லையாம். அவர் இடுப்பிலிருந்து வாசல் வரை நேராகக் கிடந்ததாம்.

கயிற்றை என்னிடம் கொடுத்தார்கள். வெள்ளைக் கயிறு, முழுக்கச் சேறு பிடித்துப் பழுப்பாகியிருந்தது. நடுவில் இரண்டு இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று, பக்கத்தில் பக்கத்தில். பிடித்திருந்த இரண்டு கைகளின் அகலம். என் கையை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.

அந்தக் கைகள் சின்னவை.

நாற்பதாம் நாள் கழிந்து அவர் உம்மாவைப் பார்க்கப் போனேன். ஸுலைஹா உம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மகள், கடைசியா என்ட புள்ள எனத்தச் சென்ன?"

கையுறையைப் பற்றி என்னால் சொல்ல முடியவில்லை. "ஒரு தரம் இழுத்தாரு உம்மா. சுகம்னு அர்த்தம்."

அவர் முகம் மலர்ந்தது. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அது அவன்தான். ராவைக்கு நான் படுத்தாப் பொறகு என்ட போர்வைய ஆரோ கால்மாட்டுல ஒரு தரம் இழுக்கிற. மெதுவா. இனி நானும் திருப்பி இழுக்கிறன், மகள்."