முன்னால் போன கடைசி வண்டி

மனிதர் தன் பச்சை ஜீப்பின் பின்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காற்று இறங்கும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்கும் இடத்தில் டயரின் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். அப்போதுதான் மணலில் சக்கரம் புதையாது. மற்றவர்கள் காற்றழுத்த மானியை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இவருக்கு மானியில் நம்பிக்கை கிடையாது. "சத்தம் மாறும் பாருங்க, அப்ப நிறுத்தணும்" என்பார். சத்தம் எப்போது மாறியது என்று கடைசியில் இவருக்கே சந்தேகம் வந்துவிடும். மறுபடி கொஞ்சம் ஏற்றுவார், மறுபடி இறக்குவார். கூட வந்தவர்கள் கொட்டாவி விட்டபடி காத்திருப்பார்கள்.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுவதும் அடுக்குமாடிக் கட்டடங்களில், லிஃப்ட் ஏறி இறங்கும் இருட்டுப் பள்ளத்துக்குள் டார்ச்சும் கையுமாக நிற்பார். அங்கே இரண்டே திசைதான், மேலே, கீழே. இரண்டிலும் மனிதர் புலி. வெளியே வந்தால்தான் வம்பு. வலது எது, இடது எது என்று தெரிய வேண்டுமானால் கடிகாரம் கட்டிய கையை ஒருமுறை பார்த்துக்கொள்வார். கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த வாரம் சொந்தத் தெருவையே தாண்டிப் போய்விட்டாராம். சொன்னது மனைவி, கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

இப்படிப்பட்டவர் எதற்காக ஞாயிற்றுக்கிழமை தவறாமல், மேனியெல்லாம் கீறல் விழுந்த அந்தப் பச்சை ஜீப்பை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே முள்ளிலும் கல்லிலும் போய் விழுகிறார்? அதுவும் அவருக்குக் குழப்பம்தான். "என்னத்தைச் சொல்றது? போகலேன்னா திங்கக்கிழமை லிஃப்ட் பெட்டி மேல நிக்கறப்ப மூச்சு முட்டுது." அதற்கு மேல் கேட்டால் தலையைச் சொறிவார்.

நாலைந்து ஜீப்புகள் சேர்ந்து போகிற கூட்டம் அது. முன்னால் பல் டாக்டர், கடைசியில் இவர். அதனால் பெயரே 'வால்' என்றாகிவிட்டது. பின்னால் வருகிற வண்டி கண்ணாடியில் தெரிகிறதா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும் என்பது கூட்டத்தின் சட்டம். வாலுக்கு அந்தக் கவலையும் இல்லை. முன்னால் தெரியும் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். யாராவது சேற்றில் மாட்டிக்கொண்டால் கயிற்றைக் கட்டி இழுத்துவிடுவார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் ஊரார் கிளப்பும் புழுதியையெல்லாம் தின்று தீர்ப்பவருக்கு, ஒரு நாளாவது முன்னால் போக வேண்டும் என்கிற ஆசை இருக்காதா?

மனைவியும் கூடவே வருவார், ஃபிளாஸ்க்கும் முணுமுணுப்புமாக. "வாரத்துல ஒரு நாள் லீவு. அதையும் குலுக்கிக் குலுக்கியே தீர்த்துடறீங்க." சொல்வாரே தவிர, ஒரு வாரம்கூட வராமல் இருந்ததில்லை. ஏன் வருகிறார் என்பதும் கணவருக்கு விளங்காத விஷயங்களில் ஒன்று.

போன வாரம் டாக்டருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. "இந்தத் தடவை நீங்க முன்னாடி போங்க வால். ஏரிக்கரை வரைக்கும்தானே? ஒழுங்கா கூட்டிட்டுப் போயிட்டு வந்துட்டா, இனிமே மாத்தி மாத்தி முன்னாடி போலாம்." இவர் அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டார். "காட்டுக்கு எதுக்குங்க இஸ்திரி?" என்று மனைவி கேட்டபோது காலரை நீவிவிட்டுக்கொண்டார்.

கைபேசியில் வரைபடம் இருந்தது. அதில் இவர் வண்டி ஒரு நீல அம்பு. அம்பு ஒரு பக்கம் பார்த்தது, பாதை ஒரு பக்கம் போயிற்று. கைபேசியைத் திருப்பிப் பிடித்தார், அம்பும் திரும்பியது. சிக்னல் போனதும் அம்பே காணாமல் போய்விட்டது. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் கடிகாரக் கையைப் பார்த்துக்கொண்டு திருப்பினார். பிறகு இன்னொரு பிரிவு. அதற்கப்புறம் எங்கே திரும்பினோம் என்பது அவருக்கே நினைவில்லை. வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தால், மண்ணில் புத்தம்புதுச் சக்கரத் தடங்கள்!

"கவலையே வேண்டாம்," என்றார் வாக்கிடாக்கியில். "நமக்கு முன்னாடி ஒரு கூட்டம் போயிருக்கு. தடம் அப்படியே இருக்கு."

"சூப்பர்ண்ணே!" என்றார் அடுத்த வண்டியிலிருந்த பேங்க்காரர்.

தடத்தைப் பிடித்துக்கொண்டு உற்சாகமாக ஓட்டினார். "வளைவை எவ்வளவு அழகா எடுத்திருக்கான் பாரு. ஓட்டத் தெரிஞ்சவன்."

"ஏங்க, இந்த முள்மரத்தை ஏற்கெனவே பார்த்த மாதிரி இருக்கே."

"காட்டுல எல்லா மரமும் ஒண்ணு போலத்தாம்மா இருக்கும்."

அடுத்த வளைவில் ஒரு பாறை. அதில் இடுப்புயரத்துக்குப் பச்சைப் பெயின்ட் கோடாக இழுத்திருந்தது. பிரேக்கை மிதித்தார்.

அந்தக் கோடு அவருடையதுதான். காலையில் அந்தப் பாறையை உரசிவிட்டு, "கிளை பட்டுடுச்சு" என்று மனைவியிடம் மழுப்பியிருந்தார். இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தார். விரலில் பச்சை ஒட்டியது. அப்படியானால் இவ்வளவு நேரம் வாயாரப் புகழ்ந்தது? கடிகாரத்தைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், மறுபடி பாறையைப் பார்த்தார். நேராகத்தானே வந்தோம், இது எப்படி முன்னால் வந்து நிற்கிறது என்று புரியவில்லை. மனைவியும் இறங்கி வந்து பாறையையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

பின்னால் வண்டிகள் நின்று, கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. புழுதிக்குள்ளிருந்து பேங்க்காரர் வந்துகொண்டிருந்தார். வெட்கம் இவரைப் பிடுங்கித் தின்றது. சாயங்காலத்துக்குள் டாக்டர் காதுக்குப் போய்விடும். அடுத்த வாரத்திலிருந்து ஆயுசுக்கும் வால்தான்.

"என்னண்ணே நின்னுட்டீங்க? வழி சரிதானே?"

இவர் பச்சை ஒட்டிய விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மனைவி சாவகாசமாகப் போய்ப் பாறையில் முதுகைச் சாய்த்து, ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினார்.

"வழிக்கு என்ன தம்பி? எனக்குத்தான் இடுப்பு கழண்டு போச்சு. ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போலாம்னு நான்தான் நிறுத்தச் சொன்னேன். எல்லாரையும் வரச் சொல்லுங்க."

பச்சைக் கோடு அந்த அம்மாளின் முதுகுக்குப் பின்னால் மறைந்தது. ஆனால் கோடு நீளம். முழங்கைக்கு அந்தப் பக்கம் இன்னும் ஒரு முழம் துருத்திக்கொண்டு தெரிந்தது. இவர் ஒரு கணம் விழித்தார். பிறகு மெல்ல நடந்து போய், மனைவியின் தோளோடு தோள் உரச, மிச்சக் கோட்டின் மேல் சாய்ந்துகொண்டார்.